டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

ஒருவர் செய்த ஆராய்ச்சியின் பெருமையை, அதனைப் பிற ஆராய்ச்சியாளர் எத்துணை முறை எடுத்தாண்டனர் என்று எண்ணி அறியும் வழக்கம் இந்நாளில் மேலோங்கி நிற்கின்றது. கட்டுரை வரைவோர் ஒவ்வொருவரும் தமக்கு முன்னே அப்பொருளை ஆராய்ந்தோர் ஏடுகளைத் தம் கட்டுரையிற் குறித்தல் அறிவியலார் மரபு. அக்குறிப்புகளையெல்லாம் தொகுத்து, இன்னார் எழுதியது இத்தனை முறை மேற்கோளாயிற்று என்று கணக்கிடுகின்றனர். பதவி தருவோரும், பொருளுதவி புரிவோரும், பரிசில் வழங்குவோரும் இக்கணக்கை நோக்குகின்றனர். தமிழ் பயிலும் எமக்கு இது முற்றும் புதிதன்று. அவிநயம், காக்கைபாடினியம் முதலிய பழைய யாப்பு நூல்கள் முழுமையாகக் கிடைத்தில. யாப்பருங்கல விருத்தியுரையுடையார் போன்றோர் மேற்கோளாக எடுத்துக் காட்டியமையால் அவற்றுட் சில சூத்திரங்கள் நம்மிடம் எஞ்சின. மேற்கோள் நூலையும் நூலாசிரியர் பெயரையும் காக்கும் ஆற்றலுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எல்லார் பெயரையும் ஒப்பக் காப்பதில்லை. இதற்கு, சென்னையிற் பயின்று அமெரிக்காவில் ஆராய்ந்து 1948-ஆம் ஆண்டில் மறைந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் வாழ்க்கையினும் தெளிந்த சான்று வேறொன்று எமக்குத் தோன்றவில்லை.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் பீமவரத்திற் பிறந்தார். அவ்வூர் அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சார்ந்தது. இன்று ஆந்திரப் பிரதேசத்து மேற்குக் கோதாவரி மாவட்டத்திலுள்ளது. தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் அலுவல் பார்த்தவர். நோயினால் முன்னரே ஓய்வு பெற்றவர். மக்கள் எழுவர், வருவாயோ சிறிது. தாயார் வெங்கம்மா உறுதி படைத்த நெஞ்சினர். பதின்மூன்று வயதளவில் சிறுவர் சுப்பாராவ், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாமென்று வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அன்னையார் அவரைப் பிடித்துக் கொணர்ந்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். இரண்டு முறை தவறியவர் என்று இங்கே குறிப்பது அவரைக் குறைத்துரைக்க அன்று. எண்களைக் கொண்டு அவரை முதன்முதல் அளந்த தேர்வாளர்க்கு அவர் யாரென்று தெரியவில்லை என்பதற்காகவே குறித்தோம்.

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்புப் பயின்ற காலத்து, அவருள்ளம் துறவின்பாற் சென்றது. இராமகிருஷ்ண மடத்தை அடுத்துத் துறவு பூண விழைந்தார். தாயார் இசையவில்லை. மடத்துப் பெரியோர்களும், மருத்துவங் கற்று மக்கட்குத் தொண்டு செய்தல் நலமென்று வழி கூறினர். அங்ஙனமே சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்களும், பின்னர் மாமனாராக வாய்த்த கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் துணை நின்றனர். 1919-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருடைய மகளார் சேஷகிரி அம்மையாரைச் சுப்பாராவ் மணந்தார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் முழங்கிய காலம். அந்நியத் துணியை விலக்குமாறு அடிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, சுப்பாராவ் அறுவை மருத்துவக் கூடத்திலும் கதராடையே உடுத்து நின்றார். அறுவை மருத்துவப் பேராசிரியராகிய ஆங்கிலேயர் அதனை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணியில் இடம்பெறாமல், டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியரானார்.

இவ்வாண்டுகளில் நேர்ந்த துயரொன்றை நேயர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் அதனை மீண்டும் எடுத்தாளுவோம். சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவர் ஸ்புரூ என்னும் நோயால் ஒருவர்பின் ஒருவராகச் சில நாளிடையில் மாண்டனர். நம் வைத்திய நூல்கள் கிரகணி என்று கூறுவது பெரும்பாலும் இதனை ஒத்ததே. உண்ட உணவு உடலிற் சாராது கழிந்துபோக, வாயும் நாவும் புண்ணாகி, இரத்தம் வெளிறி, நோயாளி நாளடைவில் என்பும் தோலுமாய் விடுவார். சுப்பாராவையும் இந்நோய் பற்றிற்று. லட்சுமிபதியாரின் மருந்தால் அவர் பிழைத்தார். ஏன் பிழைத்தார், உடன்பிறந்தார் ஏன் பிழைக்கவில்லை என்பதை அன்று எவரும் அறியார்.

1922-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மாமனார் தந்த பொருளும் காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியும் கொண்டு, சுப்பாராவ் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்தார். வயது இருபத்தேழு. இளம் மனைவியார் தாய்நாட்டில் நின்றார். அவ்விருவரும் பின்னர் ஒருவரையொருவர் காணவே இல்லை. ஹார்வர்டு சர்வகலாசாலையின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியிற் சேர்ந்த அவர், பகலிற் படித்து, இரவில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களை எடுத்துக் கழுவும் பணியாளாக இருந்து வயிறு வளர்த்தார். டாக்டர் என்ற பெயருடன் வந்தவர் இப்பணியை வெறுத்ததாகத் தெரியவில்லை.

டிப்ளமாப் பெற்றபின் அவர் உயிர்வேதியியல் துறையிற் புகுந்தார். அதன் தலைவர் ஆட்டோ ஃபோலின். இரத்தத்திலும் சிறுநீரிலுமுள்ள பொருள்களை நிறத்தின் ஆழங்கொண்டு அளக்கும் கலையில் அந்நாளில் அவரை விஞ்சியவர் இல்லை. அத்துறையாசிரியருள் ஒருவரான சைரஸ் ஃபிஸ்கின் கீழ்ச் சுப்பாராவ் பணியமர்ந்தார். அவர்க்கு இடப்பட்ட வேலை பாஸ்பரஸை அளக்கச் செவ்விய முறை காண்டல்.

இம்முறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் சுப்பாராவின் பெயர் உலகெங்கும் பரவியது இதனாலேயே. பாஸ்பரஸ் நம் என்பிலும் இரத்தத்திலும் தசையிலும் உள்ளது. சிறுநீரக நோயிலும், குழந்தைகளின் என்பு வளையும் நோயிலும் இரத்தத்தில் அதன் அளவு மாறும். ஆதலின் சில துளி இரத்தத்தில் அதனை அளந்தறிய மருத்துவர் விழைந்தனர். பாஸ்பேட்டு கலந்த நீருடன் அமிலத்தையும் மாலிப்டேட்டு உப்பையும் சேர்த்தால் அவை கூடி ஒரு கூட்டுப்பொருளாகும். அதனை ஒடுக்கவல்ல மற்றொரு பொருளை இட்டால் கரைசல் நீலநிறம் பெறும். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் ஆழ்ந்திருக்கும், குறைந்தால் வெளிறியிருக்கும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு இதனை வண்ணமானியில் ஒப்பிட்டு நோக்கின், உள்ள பாஸ்பரஸ் இவ்வளவென்று கூறலாம். இக்கருத்து முன்னரே உண்டு. பெல், டாய்சி என்னும் இருவர் 1920-இலும், பிரிக்ஸ் என்பார் 1922-இலும் இவ்வழியில் முறை வகுத்தனர். ஆயின் அவர்கள் முறையில் நிறம் நிலையாமையும் மெல்லத் தோன்றுதலும் இடர் விளைத்தன. ஃபிஸ்கும் சுப்பாராவும் அமினோ நாப்தால் சல்பானிக் அமிலம் என்னும் பொருளை ஒடுக்கியாகக் கொண்டனர். நீலம் விரைந்து தோன்றிற்று; அளவு பிழையாமல் நின்றது. 1925-ஆம் ஆண்டு உயிர்வேதியியல் இதழின் அறுபத்தாறாம் தொகுதியில் இம்முறை வெளிவந்தது.

நூறாண்டு கழிந்தும் இம்முறை வழக்கொழியவில்லை. விஞ்ஞான வகுப்பிற் பயிலும் எம் நண்பரொருவரை, ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையை அறிவீரோ என்று வினவினோம். அவர் அதன் படிகளை ஒன்றும் விடாது ஒப்பித்தார். சுப்பாராவ் யாவர் என்று வினவியபோது, யாரோ அமெரிக்கராயிருக்கலாம் என்றார். சங்கப் புலவர் சிலருடைய இயற்பெயர் மறைந்துபோக, அவர் பாட்டிலுள்ள ஒரு தொடரே பெயராய் நின்றதை நாம் அறிவோம், செம்புலப்பெயல்நீரார் அத்தகையர். அங்கே தொடர் நின்றது, பெயர் மறைந்தது. இங்கே பெயர் நின்றது, அப்பெயர்க்குரியவர் மறைந்தார்.

இந்த அளவுமுறை வெறுங் கருவியோடு நில்லாமல் ஒரு பெருங் கண்டுபிடிப்புக்கும் வாயிலாயிற்று. பூனையின் தசையிலிருந்து எடுத்த சாற்றில் இதனைக் கையாண்டபோது நீலம் உடனே முழுமையும் தோன்றாமல், சிறிது சிறிதாக ஏறக் கண்டனர். இவர்கள் முறையில் நிறம் விரைந்து வருவதே இயல்பு. அங்ஙனமிருக்க இத்தாமதம் ஏன்? வேறொருவராயின் கரைசலிற் பிழையென்று கொட்டிவிட்டிருப்பர். இவர்கள் நின்று ஆராய்ந்தனர். தசையில் தனித்துள்ள பாஸ்பேட்டு என்று அதுகாறும் எண்ணப்பட்டதிற் பெரும்பகுதி, உண்மையில் கிரியேட்டின் என்னும் பொருளுடன் பிணைந்திருப்பதென்றும், மாலிப்டேட்டுக் கலந்த அமிலத்தில் அப்பிணைப்பு மெல்ல அவிழ்வதனாலேயே நீலம் மெல்லத் தோன்றுகின்றதென்றும் தெளிந்தனர். தசை உழைக்கும்பொழுது இப்பொருள் குறைவதும், ஓய்ந்தபின் மீண்டும் நிறைவதும் கண்டனர். பாஸ்போகிரியேட்டின் என்னும் இதனைப் பற்றிய செய்தி 1927-இல் சயின்ஸ் இதழில் வெளியாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் இத்தகைய பொருளொன்று தசையில் உண்டென்று தனியே கண்டிருந்தனர்.

தசை சுருங்குவதற்கு இலாக்டிக் அமிலமே காரணமென்பது அந்நாளிற் பெரியோர் கொண்ட கொள்கை. தசையாராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்ற ஹில், மேயர்ஹாஃப் என்னும் அறிஞர்களும் அக்கொள்கையினரே. 1930-இல் டென்மார்க்கு நாட்டு லண்ட்ஸ்கார்டு, இலாக்டிக் அமிலம் தோன்றாவாறு நஞ்சூட்டப்பட்ட தசையும் பாஸ்போகிரியேட்டினைச் செலவிட்டுச் சுருங்குதலைக் காட்டினார். பழங்கொள்கை வீழ்ந்தது. மேலும், 1929-இல் ஃபிஸ்கும் சுப்பாராவும் தசையிலிருந்து அடினோசின் டிரைபாஸ்பேட்டு என்னும் பொருளைப் பிரித்தெடுத்து இரண்டு பக்க அளவிலான சிறு குறிப்பொன்று வரைந்தனர். ஜெர்மனியில் லோமன் என்பவர் அதே ஆண்டில் இவர்களுக்குச் சில வாரம் முந்தி அதனை வெளியிட்டிருந்தார். ஆதலின் முதன்மை லோமனுக்கு உரியதென்று சொல்வதே நேர்மை. ஆயினும் இருசாராரும் ஒருவரையொருவர் சாராது கண்டவர்களே. ஏ.டி.பி. என்று சுருங்க வழங்கும் இப்பொருள், உயிருள்ள அணு ஒவ்வொன்றிலும் ஆற்றலைக் கைம்மாற்றும் நாணயம் போன்றதென்று பின்னர் லிப்மன் முதலானோர் விளக்கினர். இன்று பள்ளிச் சிறுவரும் இதனைப் படிக்கின்றனர்.

மேற்கோட் கணக்கின் முதல் விந்தை இங்கே புலனாகின்றது. பாஸ்பரஸை அளக்கும் 1925-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் பெயர் சுட்டிக் குறித்துள்ளன. எக்காலத்தும் மிகுதியாக எடுத்தாளப்பட்ட அறிவியற் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. ஏ.டி.பி.யைக் கண்ட குறிப்பையோ இன்று ஏ.டி.பி. பற்றி எழுதுவோர் குறிப்பதில்லை. ஞாயிறு கிழக்கே எழுமென்று கூறுவார் யாரை மேற்கோள் காட்டுவர்? எல்லார்க்கும் தெரிந்ததாய்விட்ட உண்மைக்குக் கண்டவர் பெயர் வேண்டப்படுவதில்லை. அளவுமுறையைக் கையாண்டவரோ, எம்முறையால் அளந்தார் என்று கூறியே தீரவேண்டும். இது சுப்பாராவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. புரதத்தை அளக்கும் முறையைக் கூறும் லௌரி முதலானோரின் 1951-ஆம் ஆண்டுக் கட்டுரையே உலகில் மிகமிக எடுத்தாளப்பட்டது. 2014-இல் நேச்சர் இதழ் கணக்கிட்டபோது அது மூன்று லட்சத்தைக் கடந்திருந்தது. லௌரி கையாண்டது ஃபோலின் வகுத்த கரைசலை. அதில் தோன்றும் நிறமும் மாலிப்டினம் கலந்த நீலமே. சுப்பாராவ் பணிசெய்த துறைத்தலைவரின் கரைசல் ஒரு கட்டுரையையும், சுப்பாராவின் கை மற்றொரு கட்டுரையையும் மேற்கோட் பட்டியலின் உச்சிக்கு ஏற்றின.

1930-இல் ஹார்வர்டு சர்வகலாசாலை சுப்பாராவுக்குப் பி.எச்.டி. பட்டம் அளித்தது. ஆயின் நிலைத்த ஆசிரியப் பதவி அளிக்கவில்லை. மேலும் பத்தாண்டுகள் அங்கேயே கல்லீரற் சாற்றை ஆராய்ந்து, அதிலுள்ள வைட்டமின்களைப் பிரிப்பதில் உழைத்தார். இவ்வாண்டுகளில் அவர் கண்டவற்றுட் பல அச்சேறவில்லை. அக்காலத்து அத்துறையில் உடனுழைத்து, 1988-இல் நோபெல் பரிசு பெற்ற ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சில ஃபிஸ்கின் பொறாமையால் வெளிவராது போயின என்றும், பல்லாண்டு கழித்துப் பிறர் அவற்றை மறுபடியும் கண்டுபிடிக்க நேர்ந்ததென்றும் பின்னாளிற் கூறினார். இது ஒருவர் கூற்று. ஃபிஸ்க் எதனையும் ஐயந்திரிபறத் தெளியாமல் அச்சுக்கு அனுப்பாத இயல்பினர் என்று கொள்ளவும் இடமுண்டு. காரணம் எதுவாயினும், அச்சேறாத ஏட்டை எவரும் எடுத்தாள முடியாது. எண்ணுவோர் கணக்கில் அது இல்லாத பொருளே.

1940-ஆம் ஆண்டில் சுப்பாராவ் ஹார்வர்டை நீங்கி, நியூயார்க்கு மாநிலத்துப் பெர்ல் ரிவர் என்னுமூரிலிருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிக் கூடத்திற் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவரானார். அங்கே அவர் வாழ்ந்தது எட்டாண்டுகளே. அவ்வெட்டாண்டில் அவர் நடத்திய குழுக்கள் செய்தவற்றை நோக்கின் வியப்பு மேலிடுகின்றது.

முதலாவது ஃபோலிக் அமிலம். பம்பாயில் நூற்பாலைகளில் உழைத்த ஏழைக் கருவுற்ற மகளிர் பலர் கொடிய சோகை நோயால் மடிந்ததைக் கண்ட லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார், ஈஸ்டுச் சாறு அந்நோயைத் தீர்க்கின்றதென்று 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் உள்ள பொருள் யாதென்பது தெரியவில்லை. 1941-இல் பசலையினக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தோர், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கீரையை வண்டி வண்டியாகப் பிழிந்தாலும் கிடைப்பது அணுவளவே. மருந்தாக வழங்கவேண்டின் ஆராய்ச்சிக் கூடத்திலேயே அதனை ஆக்கல் வேண்டும். லெடர்லிக் குழுவினர் 1945-இல் ஆக்கினர். அடுத்த ஆண்டில் அதன் அமைப்பையும் ஆக்கும் வழியையும் சயின்ஸ் இதழில் விரித்துரைத்தனர். டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் அதனை ஸ்புரூ நோயாளிகட்குக் கொடுத்துப் பார்த்தபோது, வெளிறிய இரத்தம் சிவந்தது, நாப்புண் ஆறிற்று, உணவு உடலில் ஒட்டிற்று. உடன்பிறந்தார் இருவரை விழுங்கிய நோய்க்கு, இருபதாண்டுக்கும் மேற்பட்ட காலங்கழித்து, கடல்கடந்த ஒரு சிற்றூரில் சுப்பாராவ் மருந்து கண்டார்.

1946-ஆம் ஆண்டின் அக்கட்டுரைக்குப் பதினாறு பேர் ஆசிரியர். குழுவை நடத்திய சுப்பாராவ் தம் பெயரை முதலில் இடாமல், உடனுழைத்தோர் பெயர்களோடு அகரவரிசையில் நடுவே இட்டுக்கொண்டார். வரிசையில் முதல்வர் ஆஞ்சியர் என்பவர். ஆதலின் எடுத்தாளுவோரெல்லாரும் ஆஞ்சியர் முதலானோர் என்றே எழுதுவர். முதலானோர் என்னும் அச்சிறு சொல்லுக்குள் பதினைந்து பேர் அடங்கிக் கிடக்கின்றனர்.

இரண்டாவது, ஃபோலிக் அமிலத்தை எதிர்த்து நிற்கும் மருந்துகள். குழந்தைகளைப் பற்றும் இரத்தப் புற்றுநோய் அந்நாளிற் சில வாரங்களிற் கொல்வது, செய்யத்தக்கது யாதுமில்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில இனத்துப் பொருளைக் கொடுத்தால் நோய் தணிவதற்கு மாறாக விரைவதைக் கண்டார். அங்ஙனமாயின், அவ்வமிலத்தைப் போன்று தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் பொருளொன்றிருந்தால் நோயணுக்கள் பட்டினி கிடந்து மடியுமன்றோ? அத்தகைய பொருள்களைச் சுப்பாராவின் குழுவினர் ஆக்கி அனுப்பினர். அமினாப்டரின் என்பது அவற்றுளொன்று. அதனை ஆக்கியவருள் தலைநின்றவர் டோரிஸ் சீகர் என்னும் பெண்மணி. பதினாறு குழந்தைகட்கு அதனைக் கொடுத்ததில் பத்துப் பேர்க்கு நோய் தணிந்தது. சிலகாலமே தணிந்ததெனினும், அதற்கு முன் அங்ஙனம் தணியக் கண்டவர் இல்லை. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இச்செய்தி வெளிவந்தது. புற்றுநோய்க்கு மருந்து என்னும் துறையின் தொடக்க ஏடுகளுள் ஒன்றாக இன்றளவும் எடுத்தாளப்படும் அக்கட்டுரையின் ஆசிரியர் ஐவருள் சுப்பாராவ் இலர். அமினாப்டரினுக்கு உறவாகிய மெத்தோடிரெக்சேட்டு இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் வழங்குகின்றது.

மூன்றாவது, டையெத்தில்கார்பமசின் என்னும் மருந்து. ஹெட்ராஸான் என்ற விற்பனைப் பெயருடன் வந்த இதனைப் பற்றிய ஆராய்ச்சி 1947-இல் வெளியாயிற்று. கொசுவின் வாயிலாக உடலிற் புகுந்து யானைக்காலை விளைக்கும் நுண்புழுக்களை இது ஒழிக்கும். நம் கடற்கரை ஊர்களில் யானைக்கால் கண்டோரைக் காணாதார் யார்? 1980-களிற் காரைக்காலில் இம்மருந்தை உணவுப்பில் கலந்து மக்களுக்கு அளித்தனர். 2004-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசாங்கம் ஆண்டுக்கொரு முறை நோயுள்ள மாவட்டங்களில் வீடுதோறும் இம்மாத்திரையை வழங்கிற்று. கோடிக்கணக்கானோர் விழுங்கிய மாத்திரை அது. விழுங்கியவர் எவரும் மேற்கோட் பட்டியலில் ஏறார். மருந்தால் வீங்காது நின்ற காலை எண்ணுவதற்கு ஏடு ஏது?

நான்காவது ஆரியோமைசின். எழுபது வயதைக் கடந்த டக்கர் என்னும் தாவர நூலறிஞரைச் சுப்பாராவின் பகுதி பணியிலமர்த்தியது. நாட்டின் பற்பல இடங்களினின்றும் மண்ணை வருவித்து ஆராய்ந்த அம்முதியவர், மிசௌரி மாநிலத்து மண்ணிற் பொன்னிறமுடைய நுண்ணுயிரொன்றைக் கண்டார். அதிலிருந்து கிடைத்ததே ஆரியோமைசின். டெட்ராசைக்கிளின் இனத்து மருந்துகளுள் முதலாவது அதுவே. 1948-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அறிஞர் அவையில் அது வெளியிடப்பட்டது.

சிலர் இவை யாவற்றையும் சுப்பாராவ் ஒருவரே தம் கையாற் செய்தார்போல எழுதுகின்றனர். அஃது அவர்க்குப் புகழ் சேர்ப்பதாகாது. மண்ணை ஆராய்ந்த கண் டக்கருடையது. மருந்தை ஆக்கிய கை சீகருடையது. குழந்தைகளின் படுக்கையருகே நின்றவர் ஃபார்பர். எதனைத் தேடுவது, யாரைக் கொண்டு தேடுவது, எங்கே விடாது நிற்பது என்னும் தெரிவே சுப்பாராவினுடையது. அத்தெரிவு எந்தக் கட்டுரையின் எந்த வரியில் இருக்கின்றது என்று சுட்டிக்காட்ட இயலாது. இதழாளரைக் கண்டு பேசுவதிலும், மேடையேறிப் புகழ் பெறுவதிலும் அவர்க்கு நாட்டமில்லை.

இனி, எண்ணும் கருவியைப் பற்றிச் சிறிது கூறுவாம். யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் 1955-இல் இக்கருத்தை முன்மொழிந்து, 1964-இல் மேற்கோள் அகராதியை வெளியிடத் தொடங்கினார். அதில் எடுத்தாளப்பட்ட ஏடுகள் முதலாசிரியர் பெயரின்கீழ் மட்டுமே வரிசைப்படுத்தப்பட்டன. தடித்த அத்தொகுதிகளில், சுப்பாராவ் என்னும் பெயர்க்குரிய இடத்திற் சென்று 1925-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடுவார்க்கு அது கிடைக்காது. ஃபிஸ்க் என்னும் பெயரின்கீழ்த்தான் கிடைக்கும். பத்தி பத்தியாக அங்கே நிரம்பியிருக்கும் குறிப்புகளுள் ஒன்றேனும் சுப்பாராவ் பெயரின்கீழ் ஏறாது. ஆஞ்சியர் பெயரின்கீழ் ஃபோலிக் அமிலமும், ஃபார்பர் பெயரின்கீழ் அமினாப்டரினும், டக்கர் பெயரின்கீழ் ஆரியோமைசினும் நிற்கும். இதனுடன் அவர் பெயரை எழுதும் வகையும் ஒரு தடை. சேர்த்தும் பிரித்தும், ராவ் என்றும் ரோ என்றும் பலவாறாக எழுதப்பட்டமையின் ஒருவரே பலராகச் சிதறினார். கணிப்பொறி வந்தபின் எல்லா ஆசிரியர் பெயரையும் ஒருங்கே தேடும் வசதி உண்டாயிற்று. ஆயினும் கட்டுரையில் ஏறாத பெயரைக் கணிப்பொறியும் கண்டெடுக்காது.

கார்ஃபீல்டின் அகராதியைச் சுப்பாராவ் கண்டவரல்லர். ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம் கடந்த அளவில், ஆரியோமைசின் வெளியாகி ஒரு மாதம் நிரம்புமுன், 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓரிரவு அவர் இதயம் நின்றது. வயது ஐம்பத்துமூன்று. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறலாமென்று 1946-இல் சட்டம் வந்தும், அவர் அதனைப் பெறாமல் இறுதிவரை இந்தியராகவே இருந்தார். பெர்ல் ரிவர் ஆராய்ச்சிக் கூடத்தார் தம் நூல்நிலையத்துக்கு அவர் பெயரிட்டனர். இந்திய அரசாங்கம் 1995-இல் அவருடைய நூற்றாண்டு நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இவற்றினும் எமக்குச் சுவையாகத் தோன்றுவது வேறொன்று. லெடர்லியில் அவர்க்குப்பின் பணிசெய்த ஹெசெல்டின் என்னும் பூஞ்சணநூல் அறிஞர், கழிவுநீரை வடிகட்டித் தூய்மையாக்கும் கற்படுகையில் அதுகாறும் பெயரிடப்படாத பூஞ்சணப் பேரினமொன்றைக் கண்டார். 1953-இல் அதற்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார். உயிரினப் பெயர்கள் அகரவரிசை நோக்கியும் முதலாசிரியர் நோக்கியும் சுருங்குவதில்லை. அப்பூஞ்சணத்தைப் பற்றி யார் எந்நாட்டில் எழுதினாலும், சுப்பாராவின் பெயரை முதற்சொல்லாக எழுதியே ஆகவேண்டும்.